மட்கும் என்று நான்தான் சொன்னேன்

ஆண்டிறுதி விடுமுறை தொடங்கிவிட்டது. 2025-ஆம் ஆண்டின் கடைசிப் பள்ளி நாளுக்குப் பிறகு, அறிவியல் அறையின் அலமாரியை ஒழுங்குபடுத்தப் போயிருந்தேன். உடைந்த வெப்பமானிகள், காந்தம் தேய்ந்த காந்தங்கள், யாரோ ஒரு மாணவன் விட்டுச்சென்ற மூக்குக்கண்ணாடி ஆகியவற்றுக்கு அடியில், செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் கிடைத்தது. பிரித்துப் பார்த்தேன். ஒரு ஞெகிழிப் பையின் பாதி. ஒரு விளிம்பு கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டிருந்தது. மண்கறை படிந்திருந்தாலும் அதன்மேல் இருந்த பச்சை இலைப் படமும், 'நூறு விழுக்காடு மட்கக்கூடியது' என்று பொருள்படும் மலாய் வரியும் அச்சு மங்காமல் இருந்தன.

மறுபாதி எங்கே இருக்கின்றது என்பது எனக்குத் தெரியும். பள்ளித் தோட்டத்தில், முருங்கை மரத்துக்கு இடப்பக்கம், ஐந்தாம் எண் குழியில்.

இந்தப் பையைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். தள்ளிப்போட்டதற்குக் காரணம் நேரமின்மை அன்று, வெட்கம்.

தொடங்குமுன் சொல்லைப் பற்றி ஒரு சொல். 'பிளாஸ்டிக்' என்பதை நம் பாடநூல்கள் ஞெகிழி என்கின்றன. தமிழகத்தில் நெகிழி என்கிறார்கள். இரண்டும் நெகிழ்ந்து கொடுப்பது என்ற பொருளில் பிறந்தவைதாம். 'மட்கு' என்பதே பேச்சில் 'மக்கு' என்று திரிந்தது. வகுப்பில் பிந்தி நிற்கும் பிள்ளையை 'மக்கு' என்று ஏசுகிறோமே, அந்தச் சொல்லை ஒலியால் ஒத்திருப்பதனால் நான் பாடத்தில் 'மட்கு' என்றே எழுதுவேன். இக்கதையில் வரும் மாணவனுக்கு அந்த ஏச்சு நன்கு பழக்கம். அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

2019 மார்ச் மாதத்தை ஜொகூரில் வாழும் எந்தப் பெற்றோரும் மறந்திருக்க மாட்டார்கள். பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட வேதிக் கழிவின் நச்சுக்காற்றால் பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறி மயங்கினார்கள். மார்ச் 13-ஆம் நாள் அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகளையும் மூட உத்தரவு வந்தது. எங்கள் ஸ்கூடாய் அங்கிருந்து தொலைவில்தான் இருக்கின்றது. எனினும் எங்கள் பள்ளி வாசலிலும் பெற்றோர் கூடி நின்று பேசினார்கள். அடுத்த மாதம் நடந்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அந்த அச்சம் இன்னும் கலையாமல் இருந்தது.

அக்கூட்டத்தில் அறிவியல் ஆசிரியை என்ற முறையில் நான் எழுந்து பேசினேன். வேதிக் கழிவை நம்மால் தடுக்க இயலாது. நம் சிற்றுண்டிச்சாலையிலிருந்து நாள்தோறும் வெளியேறும் ஞெகிழியையாவது தடுக்கலாம் என்றேன். மீ கோரேங், பீகூன், நாசி லெமாக் ஆகியவற்றைக் கட்டித் தரும் பைகளை மட்கும் பைகளாக மாற்ற வேண்டும் என்பது என் பரிந்துரை. நாட்டின் போக்கும் அப்படித்தான் இருந்தது. கூட்டரசுப் பிரதேசங்களில் 2017 முதலே மட்கும் பைகள் கட்டாயமாக்கப்பட்டிருந்தன. 2030-க்குள் ஒருமுறைப் பயன்பாட்டு ஞெகிழியை ஒழிக்கும் வழித்திட்டத்தை அரசு 2018-இல் வெளியிட்டிருந்தது. நான் தயாரித்த பத்துப் படவில்லைகளின் இறுதியில் ஒரு பை மண்ணாகி, அதிலிருந்து செடி முளைப்பதாக ஒரு படம். அதைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

சிற்றுண்டிச்சாலை நடத்துபவர் ஒரு பொட்டலத்துக்குப் பத்துக் காசு கூடும் என்றார். அப்போது பின்வரிசையில் இருந்து ஒரு தாய் எழுந்தார். கைக்குழந்தையோடு வந்திருந்தார்.

"டீச்சர், எனக்கு இந்தப் பள்ளியில நாலு பிள்ளைங்க. ஒரு நாளைக்கு நாப்பது காசு."

வேறு எதுவும் அவர் சொல்லவில்லை. நான் கனிவாகப் பதில் சொல்வதாக எண்ணிக்கொண்டு, "பத்துக் காசு கொடுத்து நம் மண்ணைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள், அம்மா" என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். தீர்மானம் நிறைவேறியது. நாற்பது காசு ஓராண்டுக்கு எழுபது வெள்ளிக்கு மேல் ஆகின்றது என்பதைப் பிற்பாடு ஒருநாள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். நான்கு பிள்ளைகளுக்கும் பள்ளிக் காலணி வாங்கிவிடலாம்.

எங்கள் பள்ளியில் அப்போது மறுசுழற்சி மூலை ஒன்று நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. நீலத் தொட்டியில் தாள், பழுப்புத் தொட்டியில் கண்ணாடி, ஆரஞ்சுத் தொட்டியில் அலுமினியமும் ஞெகிழியும். இந்த மூன்று நிறங்களை நம் மாணாக்கர் தூக்கத்திலும் சொல்வார்கள். 2007-ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டம் ஜொகூரில் 2011 செப்டம்பரில் நடப்புக்கு வந்தது. 2015 செப்டம்பர் முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரித்து வைப்பது கட்டாயமாயிற்று. ஆகவே பிள்ளைகளுக்கு அது பாடமாக மட்டுமன்றிப் பழக்கமாகவும் இருந்தது. போத்தல்களோடு மெல்லிய ஞெகிழித் தாள்களையும் சேகரித்தோம். ரொட்டிப் பை, பேரங்காடிப் பை, கழிவறைத் தாள் சுருள்களைச் சுற்றி வரும் உறை ஆகியவற்றைக் கழுவிக் கொடியில் காயவைப்பார்கள். பலரும் இத்தகைய தாள்களைத் தொடுவதில்லை. எடை குறைவு, விலையும் குறைவு. எங்களிடம் வாங்கிக்கொள்ள ஒரு பெரியவர் இருந்தார். சிறிய லாரி வைத்துப் பழைய சாமான் வாங்குபவர். முன்சொன்ன மாணவனின் தாத்தா.

2019 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, அவர் லாரியிலிருந்து எதையும் ஏற்றாமல் இறக்கினார். நாங்கள் முன்பு கொடுத்திருந்த மூட்டை.

"ஆலையில திருப்பிக் குடுத்துட்டாங்க டீச்சர். என் லோடு முழுக்கத் திருப்பிட்டாங்க."

காரணம் கேட்டேன். மூட்டைக்குள் கைவிட்டு, இலைப் படம் போட்ட பையை எடுத்து நீட்டினார். "இது உள்ள கிடந்துச்சு. இத மத்ததோட போட்டு உருக்குனா, அதுல இழுக்கிற தாள் நிக்காதாம். கொஞ்ச நாள்ல சொரசொரன்னு உதிருமாம். அந்தச் சோளமாவுப் பையும் வேணாம், இதுவும் வேணாம்னு சொல்லிட்டாங்க."

அவருக்கு அன்று எவ்வளவு இழப்பு என்று கேட்டேன், சொல்லவில்லை. பேரன் அருகில் நின்றிருந்ததால் சொல்லவில்லை என்று நினைக்கின்றேன். மாறாக, ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். பேரங்காடிப் பையில் ஒரு துண்டு கிள்ளிப் போட்டார். அமுக்கிவிட்டும் மேலே வந்து மிதந்தது. தண்ணீர்ப் போத்தலில் வெட்டிய துண்டு அமிழ்ந்தது. என் பச்சைப் பையின் துண்டைப் போட்டார். மிதந்தது.

"இது சாதாப் பிளாஸ்டிக்தான் டீச்சர். உள்ள என்னமோ மருந்து கலந்திருக்கான்."

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் அடர்த்தியைப் பற்றி நான் நடத்திய பயிற்சிப் பாடம் நினைவுக்கு வந்தது. முட்டையும் உப்புநீரும் வைத்து நடத்தி, விரிவுரையாளரிடம் நல்ல புள்ளி வாங்கிய பாடம். அதே அடர்த்தியைக் கொண்டு ஞெகிழியை இனம் பிரிக்கலாம் என்று அந்தப் பெரியவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் நீரைவிட அடர்த்தி குறைந்தவை; மிதக்கும். தண்ணீர்ப் போத்தல் செய்யும் பெட் அமிழும். தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யும் பிஎல்ஏ என்ற பாலிலாக்டிக் அமிலமும் அமிழும். என் பை மிதந்தது. அப்படியானால் அது இலையும் அன்று, சோளமும் அன்று.

அன்றிரவு முதல் பல இரவுகள் இதைப் பற்றிப் படித்தேன். பத்துப் படவில்லை தயாரிக்குமுன் செய்திருக்க வேண்டிய வேலை! படித்ததைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். ஆசிரியத் தோழர்களுக்குப் பயன்படக்கூடும்.

'மட்கும்' என்ற ஒரே சொல்லுக்குக் கீழே இரண்டு மூன்று வேறுபட்ட பொருள்கள் விற்கப்படுகின்றன. முதல் வகை, சாதாரணப் பாலிஎத்திலீனில் இரும்பு, மாங்கனீசு, கோபால்ட் போன்ற உலோகங்களின் உப்பைச் சிறிதளவு கலந்து செய்வது. வெயிலும் வெப்பமும் ஆக்சிசனும் பட்டால் இவ்வுப்பு ஞெகிழியின் நீண்ட சங்கிலியை அறுத்துவிடும். பை துண்டு துண்டாக உதிரும். உதிர்வது வேறு, மட்குவது வேறு. மட்குதல் என்றால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று, கரியமிலக் காற்றும் நீரும் மண்ணுக்கு உரமும் ஆக்குவது. உதிர்ந்த துண்டு கண்ணுக்குத் தெரியாத அளவில் ஞெகிழியாகவே மண்ணில் கிடக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் இயற்றிய சட்டத்தின்வழி 2021 சூலை முதல் இவ்வகைப் பொருள்களைச் சந்தையில் விடத் தடை விதித்துவிட்டது. உருக்கி மறுபடி தாளாக இழுத்தால் இந்த உப்பு புதிய தாளுக்குள்ளும் போய் அதன் ஆயுளைக் குறைக்கும் என்பதே மறுசுழற்சி செய்பவர்களின் அச்சம். பெரியவர் சொன்ன 'மருந்து' இதுதான்.

இரண்டாம் வகை உண்மையிலேயே மட்கக்கூடியது. மாச்சத்து, பிஎல்ஏ, இன்னும் சில பொருள்கள் கலந்த பைகள். ஆனால் 'எங்கே மட்கும்?' என்று கேட்க வேண்டும். தொழில்முறைக் கூட்டெருவுக்கான ஐரோப்பியத் தர அளவுகோல், 58 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் வைத்து ஆறு மாதத்துக்குள் 90 விழுக்காடு கரியமிலக் காற்றாக மாற வேண்டும் என்கின்றது. 58 பாகை என்பது கைவைக்க முடியாத சூடு. எருக்குவியலை ஆலையில் அமைத்து, காற்று கொடுத்துப் புரட்டினால்தான் அந்தச் சூடு நிலைக்கும். நம் ஸ்கூடாய் மண்ணில், நிழலில் ஒரு முழம் தோண்டினால் 30 பாகையை ஒட்டித்தான் இருக்கும். நம் குப்பை போய்ச்சேரும் சீலோங் நிலநிரப்புத் திடலின் ஆழத்தில் காற்றே புகாது. அங்கே பிஎல்ஏ பல்லாண்டுகள் அப்படியே கிடக்கும். மாச்சத்து மட்கினாலோ மீத்தேன் கிளம்பும்.

சரி, மறுசுழற்சித் தொட்டியில் போடலாமே என்றால் அங்கும் அதற்கு இடமில்லை. பெட் 250 பாகைக்கு மேல் உருகும். பிஎல்ஏ 150 முதல் 180 பாகைக்குள் உருகிவிடும். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல் பளபளக்கும், நீரில் இரண்டும் அமிழும், ஆனால் உலையில் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும். நல்ல பொருள்தான், அதற்குரிய வாசல் நம் ஊரில் திறக்கவில்லை. மாணாக்கரை நினைத்துக்கொண்டேன். தகுந்த வகுப்பறை இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, தேறவில்லையே என்று குறை சொல்வதில் நாம் வல்லவர்கள் ஆயிற்றே.

படித்ததை வகுப்பில் சொல்லிவிட்டு ஓய்ந்திருக்கலாம். சோதித்துப் பார்க்கலாம் என்று சொன்னவன் அந்த மாணவன். அப்போது ஐந்தாம் ஆண்டுக்கு வந்திருந்தான். தேர்வில் எப்போதும் கடைசிப் பத்துப் பேருக்குள் இருப்பவன். 2020 மார்ச் முதல் வாரத்தில் ஆறு குழிகள் வெட்டினோம். ஒன்றில் வாழையிலை, இரண்டில் செய்தித்தாள், மூன்றில் நாசி லெமாக் கட்டும் பழுப்புத் தாள், நான்கில் பேரங்காடிப் பை, ஐந்தில் என் பச்சைப் பை, ஆறில் சோளமாவுப் பை. புதைக்குமுன் ஒவ்வொன்றையும் சதுரக் கட்டத்தாளின்மேல் வைத்து, எத்தனை கட்டத்தை மறைக்கின்றது என்று எண்ணி எழுதச் சொன்னேன். பச்சைப் பை 632 கட்டம். இரண்டு மாதத்தில் தோண்டுவது திட்டம்.

மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளி மூடப்பட்டது. சூலை நடுவில் ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணாக்கர் திரும்பியபோது, குழிகளின்மேல் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. முகக்கவரி அணிந்துகொண்டு, ஒரு மீட்டர் இடைவெளியில் நின்று, ஒருவர் மாற்றி ஒருவர் தோண்டினோம். நான்கு மாதத்துக்கும் மேல் ஆகியிருந்தது.

வாழையிலை இருந்த குழியில் வாழையிலை இல்லை. செய்தித்தாளில் சாம்பல் நிறப் பிசிறுகள் சில. மூன்றாம் குழியில் எங்களுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. பழுப்புத் தாளின் தாள் பகுதி பெரும்பாலும் போய்விட்டது; அதன் வடிவிலேயே கண்ணாடிபோல் ஒரு மெல்லிய தோல் கையோடு வந்தது. தாள் என்று நாம் நினைத்துத் தினமும் பசியாறும் பொட்டலத்தின் உட்புறத்தில் பூசியிருக்கும் ஞெகிழிப் படலம் அது! பிள்ளைகள் அதை வெயிலில் தூக்கிப் பிடித்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான்காம் குழியின் பை கழுவினால் மறுபடி கடைக்குக் கொண்டுபோகலாம். ஆறாம் குழியின் சோளமாவுப் பை கொழகொழத்து, ஓட்டைகள் விழுந்து, தூக்கும்போதே கிழிந்தது. ஐந்தாம் குழியில் பச்சைப் பை பச்சையாகவே இருந்தது.

மாணவன் கழுவித் துடைத்துக் கட்டத்தாளின்மேல் விரித்து எண்ணினான். எண்ணி முடிக்க அவனுக்கு நெடுநேரம் ஆயிற்று. பிறகு நிமிர்ந்து, "632, டீச்சர்" என்றான். அடுத்து அவன் கேட்டதை நான் மறக்கவில்லை.

"நீங்க சொன்னது தப்பா, பை தப்பா?"

இங்கேதான் நான் வெட்கப்படும் செய்தி வருகின்றது. அந்த ஆய்வின் தொகுப்பேட்டைப் பள்ளி நுழைவாயிலில் பெற்றோர் பார்வைக்கு வைப்பதாக இருந்தோம். பயிற்சிக் கழகக் காலத்திலிருந்து நாங்கள் எழுதும் பாடத்திட்டங்களில் பரிசோதனைக்கு முன்பே 'எதிர்பார்க்கப்படும் முடிவு' என்றொரு பகுதி எழுதுவது வழக்கம். அதில் நான், ஐந்தாம் குழிப் பை ஓரளவு சிதையும் என்று முன்னரே எழுதியிருந்தேன். மாணவனிடம், "விளிம்பில் கொஞ்சம் நைந்திருக்கின்றது பார், 'சிறிதளவு சிதைந்துள்ளது' என்று எழுது" என்றேன். உண்மையில் விளிம்பு நையவில்லை. நான்கு பிள்ளைகளின் தாய் நுழைவாயிலில் நின்று அதைப் படிப்பதை நான் மனத்தில் பார்த்துவிட்டிருந்தேன். அவ்வளவுதான் காரணம்.

அவன் பேனாவை எடுத்தான். எழுதவில்லை. "632 அப்படியே இருக்கே டீச்சர்" என்றான், மெதுவாக. எதிர்த்துப் பேசும் பிள்ளை அல்லன். மக்கு என்று கேட்டுப் பழகியவன், தான்தான் தவறாக எண்ணிவிட்டோமோ என்ற ஐயத்தோடு மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினான். இருநூறைத் தாண்டும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. போதும், 'மாற்றம் இல்லை' என்று எழுது என்று சொல்லிவிட்டேன்.

தொகுப்பேடு அவ்வாறே நுழைவாயிலுக்குப் போயிற்று. பெருந்தொற்றுக் காலம், பெற்றோர் எவரும் வாயிலைத் தாண்டி உள்ளே வரவில்லை. ஆக, யாரும் படிக்கவில்லை. நான் நிம்மதி அடைந்தேன் என்பதையும் எழுதிவிடுகின்றேன்.

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் இமோஜன் நாப்பரும் ரிச்சர்டு தாம்சனும் இதே வேலையை முறையாகச் செய்திருக்கிறார்கள் என்பதை அந்த ஆண்டு இறுதியில்தான் படித்தேன். பல வகைப் பைகளை மண்ணிலும் கடல்நீரிலும் திறந்தவெளியிலும் மூன்றாண்டுகள் வைத்துப் பார்த்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். 'உயிரியல் முறையில் மட்கும்' என்ற பெயருடைய பை மூன்றாண்டுக்குப் பிறகும் மண்ணிலிருந்து எடுத்துச் சாமான் சுமக்கும் வலுவோடு இருந்தது. கூட்டெருவாகும் பை கடலில் மூன்று மாதத்தில் காணாமல் போயிற்று. மண்ணிலோ 27 மாதம் கழித்தும் இருந்தது, ஆனால் எடை தாங்கவில்லை. எங்கள் ஆறு குழிகளுக்கும் அவர்களின் முடிவுக்கும் இருந்த ஒற்றுமையைக் கண்டு, அச்சிட்டு மாணவனிடம் கொடுத்தேன். ஆங்கிலம் அவனுக்குக் கடினம். படத்தை மட்டும் பார்த்தான். நிரம்பிய பையைத் தூக்கிப் பிடித்திருக்கும் படம். "நம்ம பை மாதிரியே" என்றான்.

இதனால் நான் மட்கும் ஞெகிழியின் எதிரியாகிவிட்டேன் என்று கருத வேண்டா. என் தந்தையார் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சுதேஷ் குமார் அந்தச் செம்பனை எண்ணெயை நுண்ணுயிர்களுக்கு உணவாகக் கொடுத்து, அவற்றின் உடலுக்குள் ஞெகிழி விளைய வைக்கும் ஆய்வில் பல்லாண்டுகளாக ஈடுபட்டிருக்கிறார். நாம் மிகுந்த உணவைக் கொழுப்பாகச் சேமிப்பதுபோல அந்த நுண்ணுயிர்கள் பிஎச்ஏ என்ற பொருளைச் சேமிக்கின்றன. அவ்வினத்தில் ஒன்றைப் பிரான்சு நாட்டின் மொரீசு லெமுவாஞ் 1926-லேயே கண்டறிந்தார். அது 58 பாகை கேட்பதில்லை. சாதாரண மண்ணிலும் கடலிலும் மட்கும். தடையாக இருப்பது விலைதான். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தொலைவில் உள்ள யுடிஎம் பல்கலைக்கழகத்திலிருந்தும் 2000-களின் இறுதியில் மாச்சத்துப் படலம் பற்றிய ஆய்வுகள் வந்துள்ளன. தேங்காய் எண்ணெயில் உள்ள லாரிக் அமிலத்தையும் இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசனையும் அதில் கலந்து, உணவைக் கிருமியிலிருந்து காக்கும் உறையாக்கும் முயற்சி. இவற்றை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகளின் கண்கள் விரிவதைப் பார்க்க வேண்டும். ஆனால் இப்போது பை தயாராக இருக்கின்றது என்று மட்டும் சொல்லமாட்டேன். ஒருமுறை சொன்னது போதும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் நேரில் நடந்தது 2022-இல்தான். மாணவன் அதற்குள் இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டான். தலைமையாசிரியரிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி, அவனுடைய தொகுப்பேட்டை அப்படியே வாசித்தேன். நான் 2019-இல் சொன்னது தவறு என்றும், அந்தப் பைகளால் ஒருவரின் லாரிச் சுமை முழுவதும் திரும்பி வந்தது என்றும் சொன்னேன். கைதட்டல் இல்லை. ஒரு தந்தை, மதுரையில் பேராசிரியர் வாசுதேவன் ஞெகிழித் தாளைத் துண்டாக்கி, சூடான சல்லிக்கற்களின்மேல் பூசிச் சாலை போட்டாரே, நாமும் செய்யலாமே என்றார். தியாகராசர் பொறியியல் கல்லூரியின் அந்தப் பேராசிரியருக்கு 2018-இல் பத்மசிறீ விருது கிடைத்தது உண்மைதான். பள்ளிக்கூடம் சாலை போட முடியாது என்று செயலாளர் சொன்னதும் சிரிப்பலை எழுந்து சூழ்நிலை சற்று இளகியது.

அந்தத் தாய் வந்திருந்தார். கைக்குழந்தை இப்போது நடந்துகொண்டிருந்தது. எழுந்து, "அப்போ அந்தப் பத்துக் காசு, டீச்சர்?" என்றார்.

பொட்டலத்தின் விலை அதற்குள் வேறு காரணங்களால் மேலும் கூடியிருந்தது. பழைய பத்துக் காசு எங்கே போயிற்று என்று யாராலும் சொல்ல இயலவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையசைத்தார், மன்னித்ததாகத் தோன்றவில்லை, கேட்டுக்கொண்டதாகத் தோன்றியது.

இப்போது சிற்றுண்டிச்சாலையில் தட்டும் குவளையும்தான். வீட்டிலிருந்து கொண்டுவரும் உணவுக் கலத்தில் வாங்குவோருக்குப் பத்துக் காசு தள்ளுபடி. அந்தத் தொகை எப்படி முடிவாயிற்று என்று உங்களுக்குத் தெரியும். தட்டுக் கழுவ ஆள் போதவில்லை என்ற முறையீடு மாதம் ஒருமுறை வருகின்றது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் கலத்தைத் தொலைத்துவிடுகிறார்கள்; காணாமற்போன மூடிகளுக்கென்றே என் மேசையடியில் ஒரு பெட்டி இருக்கின்றது. ஞெகிழித் தாள்களைக் கழுவிக் காயவைப்பது தொடர்கின்றது, ஒரு மாற்றத்தோடு. மூட்டை கட்டுமுன் 'மட்கும்' என்று அச்சிட்ட எதையும் பொறுக்கி வெளியே எடுக்க இரண்டு மாணாக்கரை நியமித்திருக்கிறோம். ஐயமானால் வாளித் தண்ணீர் இருக்கின்றது; மிதந்தாலும் அச்சு இருந்தால் வெளியேதான். பெரியவர் இன்னும் வருகிறார். லாரியை இப்போது அவருடைய மருமகன் ஓட்டுகிறார்.

அலமாரியில் பொட்டலம் கிடைத்த மறுநாள் அந்த மாணவனுக்குச் செய்தி அனுப்பினேன். நான்காம் படிவம் முடித்திருக்கிறான். என்னைவிட ஒரு தலை உயரம். 2020-இல் பையை இரண்டாக வெட்டி ஒரு பாதியை மறுபடி புதைக்கலாம் என்று சொன்னவனும் அவன்தான். மண்வெட்டியோடு வந்தான். முருங்கை வேர் பரவியிருந்ததால் இடத்தைக் கண்டுபிடிக்கச் சற்று நேரம் ஆயிற்று. மூன்றாம் வெட்டில் பச்சை தெரிந்தது.

குழாயடியில் கழுவினோம். இலைப் படத்தின் பாதி அப்படியே இருந்தது. அறிவியல் அறையில் கட்டத்தாளை விரித்து எண்ணினான். பாதியாக வெட்டியபோது 316 கட்டம் என்று அவனுடைய பழைய கையெழுத்தில் தொகுப்பேட்டில் இருக்கின்றது. இப்போது 312.

"நான்கு குறைந்திருக்கின்றதே!" என்றேன். என் குரலில் இருந்த ஆவல் எனக்கே கேட்டது.

அவன் பையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தில் இருந்த வெட்டைக் காட்டினான்.

"இது மண்வெட்டி பட்டது, டீச்சர்."